யூரியா எட்டு மூட்டை, நிலம் எட்டு ஏக்கர்: அறுப்பில் நெல்லாத் திருப்பிக் கொடுக்கிற சபாபே கடனுக்கு இன்னும் எட்டு வாங்கலாமா?

பெகு எட்டு ஏக்கர் எழுதியது, 2022 ஜூலை 20

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் பர்மாவில், பெகுவுக்குக் கிழக்கே. தாத்தா காலத்திலிருந்து நெல்தான். எனக்கு 41 வயசு, எட்டு ஏக்கர் பண்றேன். அதில் அஞ்சு ஏக்கர் மேடு, பாரம் 7 (நில உபயோக உரிமைச் சான்று) உள்ள சொந்த நிலம். மூணு ஏக்கர் குத்தகை, ஏக்கருக்குப் பத்துக் கூடை நெல் (ஒரு கூடை கிட்டத்தட்ட 21 கிலோ). அது ஓடைக்கரைப் பள்ளம், ஆவணியில் ரெண்டு தடவையாவது தண்ணி ஏறி நிக்கும். ரகம் எல்லாமே சின்துக்கா. மேட்டில் நட்டு இன்னைக்கு 18 நாள் ஆகுது. பள்ளத்தில் நேத்துதான் நட்டு முடிச்சோம்.

வழக்கமா ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியாவும் ஒரு மூட்டை டி-சூப்பரும் (மணிச்சத்து உரம்) போடுவேன். இந்த வருஷம் கையில் இருக்கிறது எட்டு மூட்டை யூரியாதான். டி-சூப்பர் ரெண்டு மூட்டை மட்டும் வாங்கி, மேட்டில் நடவுக்கு முன்னாடியே போட்டாச்சு. யூரியா இப்போ எங்க டவுன் கடையில் 95,000 கியாட். 2020இல் நான் 26,000க்கு வாங்கினேன். அந்த வருஷம் அரசாங்கம் வைத்த அடிப்படை விலை 100 கூடைக்கு 520,000. அந்தக் கணக்கில் அஞ்சு கூடை நெல் போட்டா ஒரு மூட்டை வந்துடும். போன ஜனவரியில் நான் 100 கூடையை 750,000க்கு விற்றேன். அதே மூட்டைக்கு இன்னைக்குப் பன்னிரண்டரைக் கூடைக்கு மேல போகுது. களத்து மேட்டிலேயே விற்காமல் வச்சிருந்தா நல்ல விலை கிடைச்சிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. அறுப்புக் கூலியும் டீசல் பாக்கியும் கொடுக்கணுமே, எங்கே வச்சிருக்கிறது?

விவசாய வங்கியில் ஏக்கருக்கு 150,000 கடன் தர்றாங்க. பாரம் 7 இருக்கிற அஞ்சு ஏக்கருக்கு மொத்தம் 750,000. குத்தகை நிலத்துக்குக் கிடையாது. அந்தப் பணத்தை அப்படியே உரக்கடையில் கொடுத்தாலும் எட்டு மூட்டைக்குப் பத்தாயிரம் குறையும். நாற்று, உழவு, நடவுக் கூலிக்கே அது போயிடுச்சு. இந்த எட்டு மூட்டை வீட்டுக்காரி சங்கிலியை அடகு வச்சு வாங்கினது. அவளே கழட்டிக் கொடுத்தா. அதனாலேயே ஒரு கைப்பிடி உரம்கூட வீணாகக் கூடாதுன்னு மனசு கிடந்து அடிச்சுக்குது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். கடைக்காரர் இன்னும் எட்டு மூட்டை சபாபேக்குத் தர்றேன்கிறார். இந்தியாவிலிருந்து படிக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: விளையப் போற நெல்லை இப்பவே பேசிக் கொடுத்துக் கடன் வாங்குறதுக்கு இங்க அதுதான் பேரு. ஒரு மூட்டைக்கு அறுப்பில் 20 கூடை கேட்கிறார். "அடுத்த லாரி எப்ப வரும்னு எனக்கே தெரியாது, வந்தா இந்த விலையில் இருக்காது" என்கிறார். அவர் பொய் சொல்ற ஆள் இல்லை, கடையில் பாதி இடம் காலியாத்தான் கிடக்கு.

வாங்கலாமா? வேண்டாம்னா, இருக்கிற எட்டை எட்டு ஏக்கருக்கும் பிரிச்சுப் போடறதா, மேட்டு அஞ்சுக்கே முழுசாப் போடறதா? மாட்டை வித்துக் கைட்ராக்டர் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. மாடு போனதோடு சாணக்குழியும் தூர்ந்து போச்சு, எருவும் கிடையாது.

தட்டோன்காரர் எழுதியது

தம்பி, முதலில் சபாபே பேச்சை முடித்துவிடுவோம். வேண்டாம்.

கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் இல்லை. ஒரு மூட்டை யூரியா உன் வயலில் எத்தனைக் கூடையைக் கூடுதலாகத் தரும் என்று பார். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). ஒரு கிலோ தழைச்சத்து கொடுத்தால் 10 கிலோவிலிருந்து 20 கிலோ வரை நெல் கூடும். இருபது என்பது தண்ணீர், களை, பூச்சி எல்லாம் நம் சொல்படி கேட்கிற வருஷத்தில்தான். ஆக 230 முதல் 460 கிலோ. நம்ம கூடை 46 ராத்தல், கிட்டத்தட்ட 21 கிலோ. பதினோரு கூடை முதல் இருபத்திரண்டு கூடை வரை வரும். அவர் இருபது கேட்கிறார். நல்ல வருஷத்திலேயே உனக்கு மிஞ்சுவது இரண்டு கூடை. வெள்ளம் வந்தால் உன் வீட்டு அரிசியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அதுவும் நீ வாங்கப்போவது ஏக்கருக்கு இரண்டாவது மூட்டை. முதல் மூட்டை தருகிற அளவு இரண்டாவது மூட்டை தராது, இது உனக்கே தெரிந்திருக்கும். என் அப்பா சபாபே வாங்கி இரண்டு ஏக்கர் போனது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்த வயலின் வரப்பில் இன்றைக்கும் நான் நடப்பதில்லை.

இனி இருக்கிற எட்டு மூட்டை. பள்ளத்தில் இப்போது ஒரு பிடி கூடப் போடாதே. தண்ணீர் ஏறினால் ஓடையோடு போய்விடும். மேட்டுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை என்று ஐந்து ஒதுக்கு. அதில் பாதியை இந்த வாரம், பயிர் பக்கத்தண்டு விட்டுத் தூர் கட்டும்போது போடு. மறுபாதி கதிர் உருவாகும் நேரத்துக்கு. நட்டு 45 நாள் வாக்கில் தாய்த்தூரைப் பிடுங்கி, அடித்தண்டை நீளவாக்கில் பிளந்து பார். உள்ளே வெள்ளையாக, அரிசிக் குருணை அளவு குருத்து தெரிந்தால் அதுதான் நேரம். நாள் கணக்கை மட்டும் நம்பாதே. பள்ளத்துக்கு வெள்ளம் வடிந்த பிறகு, அந்தக் குருத்துப் பருவத்தில் ஏக்கருக்கு அரை மூட்டை. மிச்சம் ஒன்றரை மூட்டை கையில் இருக்கட்டும். இலை எங்கே வெளுக்கிறதோ அங்கே மட்டும் போடு. நெல் ஆராய்ச்சிக்காரர்கள் கொடுக்கிற இலை வண்ண அட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது, நான்கு பச்சை நிறம் கொண்ட பிளாஸ்டிக் பட்டை. முழுதாக விரிந்த மேல் இலையை உன் உடம்பு நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும், பத்து இலையாவது. உன் ஊர் விவசாய அலுவலகத்தில் கேட்டுப் பார்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் உச்சிவெயிலில் யூரியாவை வீசினால் அதன் தழைச்சத்து நிறைய ஆவியாகிப் போகும். பயிர் எடுப்பது பொதுவாகப் போட்டதில் மூன்றில் ஒரு பங்குதான். முந்தின நாள் தண்ணீரை வடித்து, சேறாக இருக்கும்போது சாயங்காலத்தில் போடு. உருளைக் களைக்கருவி இருந்தால் ஓட்டி மண்ணுக்குள் தள்ளு. ஒரு நாள் விட்டுத் தண்ணீர் கட்டு. இதைச் சரியாகச் செய்தால் அடுத்த மூட்டையைத் தேடிக் கடைக்குப் போகிற வேலை குறையும்.

சிரியம் அக்கா எழுதியது

ஐயா சொன்னதோடு ரெண்டு விஷயம் சேர்க்கிறேன் தம்பி.

வாங்கின எட்டு மூட்டையும் சரக்கு சரிதானான்னு பார்த்தீங்களா? விலை ஏறினா கலப்படமும் ஏறும். போன வருஷம் நாங்க ஒரு கடையில் அஞ்சு மூட்டை கொஞ்சம் மலிவா வாங்கினோம். போட்டுப் பத்து நாளாகியும் பயிர் கரும்பச்சையாகவே இல்லை. அப்புறம்தான் இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகை வச்சு அடுப்பில் காட்டினோம். நல்ல யூரியா கண்ணாடி மாதிரி உருகி, மூக்கை எரிக்கிற நெடியோடு கரைஞ்சு போயிடும், அடியில் ஒண்ணும் நிக்காது. எங்க கரண்டியில் வெள்ளையா மண்டி நின்னுச்சு. அழுகைதான் வந்தது. இன்னொரு சோதனை, ஒரு டம்ளர் தண்ணியில் ரெண்டு கரண்டி போட்டுக் கலக்குங்க. முழுசும் கரையணும், டம்ளர் தொட்டா சில்லுன்னு இருக்கணும். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் எடுத்துப் பாருங்க, ஒண்ணை மட்டும் பார்த்துட்டு விடாதீங்க.

ரெண்டாவது, வேப்பம் பிண்ணாக்கு. அஞ்சு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு பிண்ணாக்குத் தூள், முந்தின ராத்திரியே கலந்து வச்சு மறுநாள் போடறோம். தமிழ்நாட்டில் ஜிப்சமும் சேர்த்துக் கலப்பாங்கன்னு என் மாமா சொல்வார், நாங்க அது இல்லாமத்தான் செய்றோம். யூரியாவோட தழைச்சத்து சீக்கிரம் வீணாகாது, பயிருக்கு நாள்பட நிக்கும். மாண்டலே, மகுவே பக்கம் வேப்பமரம் நிறைய, பிண்ணாக்கு அங்கிருந்துதான் வருது.

வைக்கோலை எரிக்காதீங்க, அதையும் சொல்லிடறேன். பயிர் எடுக்கிற பொட்டாஷில் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கு. எங்க பக்கம் அறுத்த மறுநாளே கொளுத்தறாங்க, பார்க்கவே வயிறு எரியுது. நெருப்பு வச்சா தழைச்சத்து புகையாப் போயிடும், சாம்பலை முதல் மழை ஓடைக்குக் கொண்டுபோகும்.

பெகு எட்டு ஏக்கர் எழுதியது

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. உங்க கணக்கை வீட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டினேன். "இருபது கூடையா, அப்போ நாம யாருக்கு விவசாயம் பண்றோம்?"னு கேட்டா. கரண்டிச் சோதனை எட்டு மூட்டைக்கும் செஞ்சாச்சு, எல்லாம் சுத்தமா உருகிச்சு. அந்த நெடி வந்தப்போ எனக்கு உயிர் வந்தது.

ஒரு சந்தேகம். ரெண்டு மூணு மாசத்தில் விலை இறங்க வாய்ப்பு இருக்கா? இருந்தா கோடை நெல்லுக்குத் தேவையான யூரியாவை அப்போ வாங்கிக்கலாம். ரங்கூனில் வியாபாரத்தில் இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

பயின்னாவ் பருப்புக்கடை எழுதியது

அண்ணே, நான் ரங்கூன் பயின்னாவ் மார்க்கெட்டில் பருப்பு வியாபாரம். பக்கத்து வரிசையில் உரக்காரர்கள் இருக்கிறதால் தினமும் காதில் விழுவதைச் சொல்கிறேன்.

இறங்கும் என்று நம்பி எதையும் திட்டம் போடாதீர்கள். நம்ம நாட்டில் எரிவாயுவில் ஓடும் அரசு ஆலைகள் இருக்கின்றன, ஆனால் அவை தருவது தேவைக்குப் போதாது. மிச்சம் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. 2021 அக்டோபரிலிருந்து சீனா உர ஏற்றுமதிக்குச் சோதனை வைத்து இறுக்கிவிட்டது. அதற்கு முன்பே ஜூலையில் சீன எல்லையில் இருக்கும் முசே வாசல்களைக் கொரோனாவுக்குப் பயந்து அடைத்தார்கள், நவம்பரில் ஒன்றைத்தான் திறந்தார்கள். இந்த வருஷம் பிப்ரவரியில் உக்ரைன் சண்டை வந்து எரிவாயு விலை ஏறியது. யூரியா செய்வதே எரிவாயுவில்தானே. இது போதாதென்று ஏப்ரலிலிருந்து டாலர் கிடைப்பதும் இறக்குமதி அனுமதி கிடைப்பதும் பெரிய பாடு. உங்க கடைக்காரர் அடுத்த லாரி தெரியாது என்றது நிஜம்தான். அவருக்குச் சரக்கு கொடுக்கிறவருக்கும் தெரியாது.

நான் சொல்ல வந்தது உளுந்தைப் பற்றி. உங்க பெகு மண் உளுந்துக்கு என்று படைத்த மண். பள்ளத்து மூணு ஏக்கரில் கோடை நெல்லை நினைக்காமல், அறுத்த கையோடு ஈரம் காய்வதற்குள் உளுந்து விதையுங்கள். யூரியா வேண்டாம், காற்றில் இருக்கும் தழைச்சத்தை அதன் வேர் முடிச்சே எடுத்துக்கொள்ளும். காய் பறித்த பிறகு செடியை அங்கேயே மடக்கி உழுதால் அடுத்த நெல்லுக்கும் கொஞ்சம் மிஞ்சும். விற்பனைக்குப் பயம் வேண்டாம். 2021இல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 250,000 டன் உளுந்து 2025-26 வரை வாங்குகிறார்கள். சென்னையில் அரைக்கிற இட்லி மாவில் பெகு உளுந்து நிறைய இருக்கு அண்ணே. விதை உளுந்தை மட்டும் இப்பவே சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள், நவம்பரில் அதற்கும் அடிதடி ஆகும்.

தட்டோன்காரர் எழுதியது

உளுந்து சரியான யோசனை. பசுந்தாள் உரச்செடியான தக்கைப்பூண்டை விதைக்காக வளர்க்க மேட்டில் ஒரு மூலையில் இந்த வருஷமே இடம் விடு தம்பி. அடுத்த வைகாசியில் விதைத்து, பூ எடுக்கும் முன் 45 நாளில் மடக்கி உழுதால் அரை மூட்டை யூரியாவாவது மிச்சமாகும். விதை கிடைக்காதென்றால் எனக்கு எழுது, என் வயலில் முற்றவிட்டு எடுத்து வைக்கிறேன்.

பெகு எட்டு ஏக்கர் எழுதியது, ஜூலை 22

கடைக்காரர்கிட்ட நேர்ல போய்ச் சபாபே வேண்டாம்னு சொல்லிட்டேன். கோபப்படலை, "நீ சொல்லிட்டே, உனக்கு முன்னாடி ஏழு பேர் கையெழுத்துப் போட்டாங்க"ன்னார். அந்த ஏழு பேரில் ரெண்டு பேர் எங்க தெரு. இன்னைக்கு ஆடி வெள்ளி, மாரியம்மன் கோயிலில் கஞ்சி ஊத்துறாங்க. அங்க வச்சு ஐயாவோட கூடைக் கணக்கை அவங்ககிட்ட சொல்லப் போறேன். மூட்டை இன்னும் பிரிக்காம இருந்தா திருப்பிக் கொடுக்க முடியுமான்னு கேட்கணும்.

மேட்டு வயலில் காலையிலேயே மடையைத் திறந்துட்டேன். நாளைக்குச் சாயங்காலம் ரெண்டரை மூட்டை போடறேன். சிரியம் அக்கா, வேப்பம் பிண்ணாக்கு ரெண்டரை மூட்டைக்கு 25 கிலோ வேணும். உங்க பக்கத்தில் கிலோ என்ன விலை? பெகு பஸ்ஸில் போட்டுவிட முடியுமா?