ஹீலா செல்லில் ஃப்ளூவோசின்-3: துத்தநாகம் விட்டும் ஒளிர்வு ஏறவில்லை

நுண்ணோக்கி:
வணக்கம். ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்) துத்தநாக அயனியைப் பார்க்க, துத்தநாகம் பட்டால் ஒளிரும் டையான ஃப்ளூவோசின்-3-ஐ, சவ்வைத் தாண்ட உதவும் ஏஎம் எஸ்டர் வடிவில் ஏற்றுகிறோம். 10% சீரம் உள்ள டிஎம்இஎம் வளர்ப்பு ஊடகத்தில் 5 மைக்ரோமோலார், 37 டிகிரி, 45 நிமிடம். பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் பஃபர் உப்புக் கரைசல்) கழுவி, அதிலேயே 50 மைக்ரோமோலார் துத்தநாகக் குளோரைடு. 488 நானோமீட்டரில் தூண்டிப் பார்த்தால் செல் முழுக்க மங்கல், கருவைச் சுற்றிப் பளிச்சென்று புள்ளிகள். துத்தநாகம் விட்டாலும் ஏறுவதில்லை, துத்தநாகத்தைப் பிடித்து அகற்றும் டிபிஇஎன் விட்டாலும் இறங்குவதில்லை. எங்கே கோளாறு? அடுத்து ஜீப்ரா மீன் குஞ்சிலும் பார்க்க வேண்டும்.

பஃபர்மேசை:
முதலில் பிபிஎஸ்ஸை மாற்றுங்கள். பாஸ்பேட்டோடு சேர்ந்து துத்தநாகம் வீழ்படிவாகும். 50-இல் எவ்வளவு கரைசலில் மிஞ்சியது என்றே சொல்ல முடியாது. ஏற்றும்போது சீரமும் கூடாது. அதிலுள்ள எஸ்டரேஸ் நொதிகள் ஏஎம் எஸ்டரை வெளியிலேயே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட டைக்கு எதிர்மின்சுமை அதிகம், சவ்வைத் தாண்டாது. சீர ஆல்புமின் வேறு துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பஃபர்: சோடியம் குளோரைடு 140, பொட்டாசியம் குளோரைடு 5, மெக்னீசியம் 1, கால்சியம் 2, குளுக்கோஸ் 10, ஹெப்பெஸ் 10 மில்லிமோலார், பிஎச் 7.4. தண்ணீரிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் துத்தநாகத்தை நீக்க உலோக அயனிகளைப் பிடிக்கும் செலெக்ஸ்-100 பிசினில் ஓட்டுங்கள். அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே உறிஞ்சும் என்பதால் அந்த இரண்டையும் பிறகு சேருங்கள். ரப்பர் கையுறையிலும் துத்தநாகம் உண்டு, மறக்க வேண்டாம்.

1 மில்லிமோலார் டை 2 மைக்ரோலிட்டரை டை கரைய உதவும் 20% புளூரோனிக் எஃப்-127 2 மைக்ரோலிட்டரோடு கலந்து, 2 மில்லிலிட்டர் பஃபரில் விடுங்கள். டை 1 மைக்ரோமோலார், புளூரோனிக் 0.02% ஆகும். அறை வெப்பத்தில் 20 முதல் 30 நிமிடம். 37 டிகிரியில் நீட்டினால் டை நுண்பைகளுக்குள் போய்ச் சேர்வது கூடும். கழுவியபின் எஸ்டர் முழுதும் வெட்டுப்பட, டை இல்லாத பஃபரில் இன்னும் 20-30 நிமிடம் விடுங்கள்.

கேடி_நானோ:
பஃபர் சரியானாலும் உங்கள் சோதனை பலிக்காது. துத்தநாகக் குளோரைடு மட்டும் விட்டால் சில நிமிடங்களில் சைட்டோசாலில் (செல்லுக்குள் இருக்கும் திரவத்தில்) பெரிதாக ஏறாது. சவ்வைத் தாண்டித் துத்தநாகத்தை உள்ளே கொண்டுபோக பைரிதியோன் வேண்டும்: துத்தநாகம் 10, சோடியம் பைரிதியோன் 5 மைக்ரோமோலார். ஒளிர்வு உச்சம் தொட்டு நிற்பது எஃப்மேக்ஸ் (அதிகபட்ச ஒளிர்வு). பிறகு டிபிஇஎன் 50 மைக்ரோமோலார் விட்டு எஃப்மின் (குறைந்தபட்ச ஒளிர்வு) எடுங்கள். இவற்றைத் தட்டின் கடைசிப் படமாக வையுங்கள்; இரண்டுமே செல்லைக் கொல்லக்கூடியவை.

அடிப்படை விஷயம் இன்னொன்று. ஃப்ளூவோசின்-3-இன் கேடி, அதாவது டையில் பாதி துத்தநாகத்தைப் பிடித்திருக்கும் செறிவு, ஏறத்தாழ 15 நானோமோலார். ஓய்வில் சைட்டோசாலின் கட்டற்ற துத்தநாகம் நானோமோலாருக்கும் கீழே, பிக்கோமோலார் கணக்கில். ஆகவே மங்கலாகத் தெரிவது டையின் குறை அல்ல. ஓய்வு நிலைதான் கேள்வி என்றால் இகால்வை-4 மாதிரி மரபணு வழி எஃப்ரெட் உணரி (செல்லே உருவாக்கும், இரு நிற ஒளிர்வின் விகிதத்தால் அளக்கும் புரதம்) எடுங்கள், கேடி 0.6 நானோமோலார் அளவில், விகித அளவீடு என்பதால் செல்லின் தடிமனும் உணரியின் அளவும் கணக்கைக் குழப்பாது.

நுண்ணோக்கி:
நன்றி. அந்தப் புள்ளிகள்?

கேடி_நானோ:
டை ஏற்றாத செல்லை அதே லேசர், அதே கெயினில் பாருங்கள். அங்கும் தெரிந்தால் தன்னொளிர்வு. தெரியாவிட்டால் நுண்பையில் சிக்கிய டை. எப்படியானாலும் டிபிஇஎன்னுக்கு அசையாத ஒளியைத் துத்தநாகம் என்று எழுதாதீர்கள். சின்பைர்-1 என்ற வேறொரு துத்தநாக டைக்கு மாறலாம் என்று தோன்றினால் கவனம்: அதன் அமீன் புரோட்டான் ஏற்றாலே ஒளிரும், அமிலம் மிகுந்த லைசோசோம் துத்தநாகமில்லாமலே மின்னும்.

மீன்தொட்டி:
மீனுக்கு: நிறமி வராமல் இருக்க கருவுற்று 24 மணிநேரம் ஆகுமுன் பிடியூ (ஃபீனைல்தயோயூரியா) 0.003%. செம்பு உணரிக்கு இதை எடுக்காதீர்கள். பிடியூ நிறமியைத் தடுப்பதே, நிறமியை உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியின் செம்பில் கைவைத்துத்தான். அதற்கு நிறமியற்ற காஸ்பர் வகை மீன் நல்லது. மீனை மயக்க ட்ரைகெய்ன் மருந்து லிட்டருக்கு 160 மில்லிகிராம், கட்டாயம் பிஎச் 7-க்குக் கொண்டுவந்து. அப்படியே கரைத்தால் அமிலம், ஃப்ளூரசீன் வகை டை மங்கும். மஞ்சள்கருப் பை தானாகவே ஒளிரும், அங்கே அளக்க வேண்டாம். ஏஎம் டை தோலைத் தாண்டி ஆழத்துக்குப் போவது அரிது; உள்ளுறுப்பு வேண்டுமென்றால் நுண்ணூசியில் செலுத்துங்கள்.