வெள்ளி இரவு ஜெருசலேமிலிருந்து டெல் அவிவ் திரும்ப வழி உண்டா?

நண்பர்களே, டெல் அவிவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. கூட வேலை பார்ப்பவர் ஜெருசலேமில் தன் வீட்டுக்கு இந்த வெள்ளிக்கிழமை சபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாள்) விருந்துக்கு அழைத்திருக்கிறார். போவது சுலபம், 2018இல் வந்த அதிவேக ரயில் இருக்கிறது. திரும்புவதுதான் சிக்கல். வெள்ளி மதியத்துக்கு மேல் ரயில் கிடையாது; சனிக்கிழமை இருட்டிய பிறகுதான் மறுபடி ஓடும். டெல் அவிவ் நகராட்சி 2019இல் தொடங்கிய வாரயிறுதிப் பேருந்துகளும் ஜெருசலேம் வரை வருவதில்லை.

ஷெருத் எனப்படும் பகிர்வு வேன்கள் சபாத்திலும் ஓடும் என்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் கிடைக்குமா? எங்கே ஏறுவது?

அப்புறம், மின்சாதனங்களை இயக்கக்கூடாது என்ற சபாத் விதிப்படி அவர் வீட்டில் அன்றைக்கு யாரும் போனைத் தொடமாட்டார்கள். விளக்குகூட டைமரில்தான். லிஃப்ட் தானாகவே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போகுமாம், அவர் இருப்பது எட்டாவது மாடி! அங்கே உட்கார்ந்து டாக்ஸி ஆப்பைத் திறந்தால் நன்றாக இருக்காது. கீழே இறங்கி, அந்தத் தெருவையும் தாண்டிப் போய் அழைப்பதுதான் முறையா?

அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு இருக்கிறது. ஆனால் கோஷர் (யூத உணவு விதிப்படியான) சமையலறையில் செய்ததில்லையே, சங்கடப்படுத்துவானேன். சபாத் தொடங்குமுன் பூங்கொத்து கொடுத்தால் போதுமா? போய் வந்தவர்கள் வியாழனுக்குள் சொல்லுங்கள்.