மறு: வெர்ட்டிகல் மவுஸ், டிராக்பால் - தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மவுஸ் என்பதற்குச் சுட்டியா சொடுக்கியா என்ற பழைய வழக்கை இங்கே இழுக்க வேண்டாம். சுட்டி என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கணினியில் வடிவமைக்கும் கேட் (CAD) பிரிவில் இருக்கிறேன். ஷூவின் அப்பருக்கு, அதாவது பாதத்தை மூடும் மேல்பாகத்துக்கு, திரையில் பேட்டர்ன் போடும் வேலை. வளைகோட்டில் ஒரு புள்ளியைப் பிடித்து மயிரிழை நகர்த்துவது, விடுவது, அடுத்த புள்ளியைப் பிடிப்பது. நாள் முழுக்க இதுதான். எங்கள் அறையில் வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்ளாதவர் குறைவு. அவர்களுக்காகச் சுவரில் ஒட்டத் தமிழில் ஒரு குறிப்பு எழுதுகிறேன். அதற்குத்தான் இந்தச் சொற்கள் வேண்டும். பக்கத்து மேசைக்காரர் வீட்டில் உருது, எதிர் மேசைக்காரர் வீட்டில் தெலுங்கு. அவர்கள் வாயிலும் நுழைகிற சொல்லாக இருக்க வேண்டும். முதலில் வெர்ட்டிகல் மவுஸ், அதாவது உள்ளங்கையைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் பிடிக்கும்படி செய்த சுட்டி.

> செங்குத்துச் சுட்டி என்பதே போதும். பார்த்ததும் புரியும்.

கோவை நண்பருக்கு: புரியும், ஆனால் தப்பாகப் புரியும். செங்குத்து என்றால் 90 பாகை. கடையில் கிடைக்கும் வெர்ட்டிகல் மவுஸ் பலவும் அப்படி நிமிர்ந்து நிற்பதில்லை. லாஜிடெக்கின் எம்.எக்ஸ். வெர்ட்டிகலே 57 பாகைதான். அந்தச் சாய்வில்தான் காரியமே இருக்கிறது. உள்ளங்கையை மேசையில் குப்புற வைத்துப் பாருங்கள். முன்கையில் இருக்கிற இரண்டு எலும்புகளில் ஆரை எலும்பு மற்றதன்மேல் குறுக்கே திரும்பிக் கிடக்கும். தட்டையான சுட்டியைப் பிடித்திருக்கும் நேரமெல்லாம் கை இந்த முறுக்கிலேயே இருக்கிறது. அப்படியே சுண்டுவிரல் பக்கம் மேசையைத் தொடும்படி கையைத் திருப்புங்கள், ஒருவருக்குக் கைகொடுக்கப் போவதுபோல. முறுக்கு தளர்வது முழங்கைக்குக் கீழே உடனே தெரியும். கையை அந்த நிலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கத்தான் இந்தச் சுட்டியைச் சாய்த்துச் செய்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: சாய்சுட்டி. சாய்நாற்காலி என்று எல்லாரும் சொல்கிறோம், அதே அச்சு. வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. 50 பாகையோ 70 பாகையோ, எதற்கும் பொருந்தும்.

> நோகாச்சுட்டி எவ்வளவு அழகு! பயனையே பெயராக்கலாமே.

அழகுதான், ஆனால் இதை நான் ஏற்க மாட்டேன். நோகாது என்று பெயரிலேயே வாக்குக் கொடுத்துவிட்டால், வாங்கினவருக்கு மறுபடி நோகும்போது யார் பதில் சொல்வது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு ஒன்று, 2012இல் வெளிவந்தது, கையைத் தாங்கும் பலகையையும் மாற்றுச் சுட்டியையும் சேர்த்துப் பயன்படுத்தினால் கழுத்து, தோள் தொல்லை வருவது குறையலாம் என்றுதான் சொன்னது. 'சேர்த்து' என்பதைக் கவனியுங்கள். சுட்டியை மட்டும் மாற்றி முழங்கையை அந்தரத்தில் விட்டால் தோள் தசைக்கு ஓய்வு ஏது?

தோள்வலிக்கு இன்னொரு காரணத்தை எங்கள் அறையிலேயே பார்க்கிறேன். விசைப்பலகையின் வலது ஓரத்து எண்பகுதி சுட்டியை ஒரு சாண் வெளியே தள்ளிவிடுகிறது. எட்டிப் பிடிக்கக் கை விலாவைவிட்டு விலகியே நிற்கிறது. எண்பகுதி இல்லாத சின்னப் பலகை போட்டாலோ, சுட்டியை இடக்கைக்கு மாற்றினாலோ முழங்கை உடம்போடு வந்து ஒட்டிக்கொள்ளும். இதைச் செய்யாமல் சாய்சுட்டியை அதே தூரத்தில் வைத்துக்கொண்டு 'ஒன்றும் தெரியலையே' என்பவர்கள் உண்டு. நோகாச்சுட்டி என்ற பெயர் அவர்களை இன்னும் ஏமாற்றும்.

வேலூர்க்காரன் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவையை டாக்டர் பால் பிராண்ட் வளர்த்தெடுத்தது இங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.)தான், 1940களின் பிற்பகுதியில் தொடங்கி. கையைப் பற்றித் தமிழில் எழுதுகிற சொல், நோயாளி நம்பிப் படிக்கிற சொல்லாக இருக்கட்டும்.

அடுத்து டிராக்பால், அதாவது கூடு அசையாமல் மேலே உள்ள பந்தை மட்டும் விரலால் உருட்டித் திரையில் சுட்டும் கருவி.

> இதுவும் ஒருவகைச் சுட்டிதானே? பந்துச்சுட்டி எனலாம். அல்லது தடப்பந்து.

சுட்டிக்கு முன்பே பிறந்த கருவி இது. டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் முதல் மரச்சுட்டி 1964. பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் இந்தப் பந்தை உருவாக்கியது 1946. கனடாக் கடற்படையின் டாடார் என்ற கணினித் திட்டத்தில் பௌலிங் பந்தையே எடுத்து வைத்துவிட்டார்கள். அதனால் பெயர் சுட்டி என்று முடிய வேண்டிய கட்டாயம் இல்லை. பந்துச்சுட்டி என்றால் வயிற்றுக்குள் ரப்பர் பந்து வைத்த பழைய மவுஸும் நினைவுக்கு வரும். அழுக்கேறிய அந்தப் பந்தைக் கழற்றித் துடைத்த தலைமுறை இன்னும் வேலையில்தான் இருக்கிறது. தடப்பந்து ஆங்கிலத்தின் நிழல், கையில் எடுத்தவருக்கு அது எதையும் சொல்லாது.

உருட்டுபந்து என்கிறேன். உருள்பந்து என்று யாழ்ப்பாண நண்பர் எழுதியதற்கு மிக அருகில்தான், ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பழைய மவுஸில் நாம் கூட்டை நகர்த்துவோம், பந்து தானாக உருளும். இதில் கூடு அசையாது, பந்தை நாம் உருட்டுகிறோம். தன்வினை பிறவினை இரண்டையும் வைத்திருக்கிற மொழியில் அந்த வசதியை ஏன் விட வேண்டும்? கூடு அசையாததால் தோளும் அசைய வேண்டியதில்லை என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது. பெஞ்சமினே அதை ரோலர் பால் என்றுதான் அழைத்தார். இளைஞர்கள் இப்போது 'உருட்டு' என்றால் பொய் என்கிறார்கள், தெரியும். பந்தோடு சேர்ந்து வரும்போது யாரும் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டைவிரலால் உருட்டுவதைக் கட்டைவிரல் உருட்டுபந்து என்றும், நடுவில் பந்து உள்ளதை விரல் உருட்டுபந்து என்றும் பிரித்து எழுத வேண்டும். முதல்வகையில் வேலை முழுதும் கட்டைவிரல் தலையில் விழுகிறது. அங்கே ஏற்கெனவே வலி இருப்பவர் இரண்டாம்வகையைப் பார்ப்பது நல்லது.

வேலையையும் கருவியையும் உடம்புக்கு ஏற்ப அமைக்கும் எர்கோனாமிக்ஸ் என்ற துறைக்குப் பணிச்சூழலியல் இருக்கட்டும். அட்டைப்பெட்டியில் எழுத அது நீளம். உடலிசைவுச் சுட்டி, உடலிசைவு நாற்காலி என்று போடலாம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. விசைப்பலகைக்கு முன்னால், இரண்டு கைக்கும் நடுவில் கிடக்கும் ஒரு தண்டை விரலால் உருட்டியும் இடவலமாகத் தள்ளியும் வேலை செய்கிற கருவி உண்டு. கை வெளியே போகவே தேவையில்லை என்பதால் தோள்வலிக்காரருக்கு இதைத்தான் முதலில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உருட்டுதண்டு என்றால் தள்ளுவது விட்டுப்போகிறது. நெசவு, அச்சு, மரவேலை என்று ஏதாவது தொழிலில் இப்படி இரண்டும் செய்யும் தண்டுக்கு வழக்கில் பெயர் இருந்தால் எழுதுங்கள். குடியாத்தத்தில் தறி தெரிந்தவர்களிடம் நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து