கார்த்திகைக் கொத்தின் தொலைவு: கையா தரவில் ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீட்டை (2022) வைத்துக் கார்த்திகை விண்மீன் கொத்தின் தொலைவைக் கணக்கிட்டு வருகிறேன். ஆண்டுக்குக் கிழக்கே சுமார் 20, தெற்கே சுமார் 45 மில்லி ஆர்க்செகண்ட் (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மில்லி ஆர்க்செகண்ட்) நகரும் மீன்களை மட்டும் பிரித்தெடுத்தேன். மங்கலானவற்றின் பாரலாக்ஸ் (பூமி சூரியனைச் சுற்றுவதால் மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்) 7.4 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டி அழகாகக் குவிகிறது, அதாவது ஏறத்தாழ 135 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). முந்தைய விண்கலமான ஹிப்பார்கோஸ் தந்தது 120 பார்செக் அளவுதான், மற்ற முறைகளின் விடையோடு அது ஒத்துப்போகவில்லை. அத்தனை ஆண்டு விவாதம் நம் திரையிலேயே தீர்வதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி!

சிக்கல் பிரகாசமான மீன்களில்தான். பாரலாக்ஸின் பூஜ்ஜியப் பிழைக்கான (சுழியாக இருக்க வேண்டிய இடத்திலும் கருவி காட்டும் சிறு விலகல்; மிகத் தொலைவான குவாசர்களில் சுமார் −0.017 மில்லி ஆர்க்செகண்ட்) திருத்தம் பொலிவு, நிறம், வானில் இருக்கும் இடம் மூன்றையும் பொறுத்தது, ஜி பொலிவெண் (கையாவின் ஜி பட்டையில் அளந்த பொலிவு; எண் குறைந்தால் பிரகாசம் அதிகம்) 6-ஐவிடப் பிரகாசமானவற்றுக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது. இங்கே அது சிறிய எண்தான், ஆனால் இதே முறையைத் தொலைவான கொத்துகளுக்கும் பயன்படுத்தப் போகிறேன். அந்தப் பிரகாசமான மீன்களைத் திருத்தாமல் விடலாமா, கணக்கிலிருந்தே நீக்கலாமா?

இன்னொன்று: ஆர்.யு.டபிள்யூ.இ. (அளவீடு தனி மீன் மாதிரியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1-ஐ ஒட்டி இருந்தால் நல்ல பொருத்தம்) 1.4-க்கு மேல் உள்ளவற்றை வடிகட்டினால் இரட்டை மீன்கள் பலவும் போய்விடுகின்றன. நிற-பொலிவு வரைபடத்துக்கு அவை எனக்கு வேண்டும். இந்தத் தரவில் வேலை செய்தவர்கள் எந்த வரம்பு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். கையா தரவுத்தளத்துக்கான வினவல் நிரல் இருந்தால் பகிருங்கள்.