பாராளுமன்றம் ஒதுக்கிய 1,000 கோடியை நிறுத்தி வைத்தது யார்?

வடமராட்சியான்:
கணக்கன் வேறொரு இழையில் இப்படி எழுதியிருக்கிறார்: "2023 மார்ச்சில் உள்ளூராட்சித் தேர்தல் காசு விஷயத்தில் உயர் நீதிமன்றம் தலையிட்டதே பிழை. இலங்கை அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரைப்படி பொது நிதி முழுக்கப் பாராளுமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நீதியரசர்களுக்கு அங்கே வேலை இல்லை."

இதற்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. 2022 டிசம்பர் 8ஆம் திகதி 123 பேர் ஆதரவாகவும் 80 பேர் எதிராகவும் வாக்களித்து 2023 பாதீட்டை நிறைவேற்றினார்கள். தேர்தலுக்கான 1,000 கோடி ரூபாய் அதற்குள்தான் இருந்தது. ஒதுக்கியது பாராளுமன்றம். கொடுக்காமல் வைத்திருந்தது திறைசேரி. மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவு, ஒதுக்கிய அந்தக் காசை நிறுத்தி வைக்கக் கூடாது என்பதுதான். இதில் பாராளுமன்றத்தின் அதிகாரத்தை மீறியது யார்?

கணக்கன்:
அரச திணைக்களத்தில் கணக்குக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பத்திரிகை பார்த்துப் பேசுகிறவன் இல்லை. ஒதுக்கீடு வேறு, காசு வேறு. இதற்கு மேல் செலவழிக்காதே என்பதுதான் ஒதுக்கீடு. இவ்வளவையும் செலவழித்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திறைசேரி கட்டுநிதி, அதாவது செலவுக்கென்று முன்கூட்டிக் கொடுக்கும் காசு, விடுவித்தால்தான் திணைக்களத்துக்குக் காசு வரும்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த நாடு இது. சர்வதேச நாணய நிதியம் கடனுக்கு ஒப்புதல் தந்ததே 2023 மார்ச் 20இல். அந்த நேரத்தில் சம்பளம், ஓய்வூதியம், மருந்து, இதெல்லாம் போகத்தான் மற்றது. எதை முதலில் கொடுப்பது என்று சொல்ல நீதியரசர்களின் மேசையில் என்ன கணக்கு இருந்தது?

வடமராட்சியான்:
டிசம்பர் 8. அந்தத் திகதிக்குப் பதில் சொல்லுங்கள். நாடு வங்குரோத்து என்பது அன்றைக்குத் தெரியாதா? தெரிந்துதானே 1,000 கோடி போட்டார்கள்? பெப்ரவரியில் அச்சகத்துக்குக் கொடுக்கக் காசில்லை என்று வாக்குச்சீட்டு அச்சிடவில்லை, தபால்மூல வாக்களிப்பு நின்றது. அதே பெப்ரவரி 4ஆம் திகதி 75ஆவது சுதந்திர தின விழா கொழும்பில் நடந்தது. அதற்கு மட்டும் காசு இருந்தது.

சட்டக்கல்லூரிப் பெடியன்:
இரண்டு பேரும் 4(இ) உறுப்புரையை விட்டுவிட்டீர்கள். பாராளுமன்றத்தின் சிறப்புரிமை சம்பந்தப்பட்ட விஷயத்தில் நீதித்துறை அதிகாரத்தைப் பாராளுமன்றமே நேரடியாகப் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கிறது. இதை வைத்துத்தான் மார்ச் 7ஆம் திகதி ஆளும் தரப்பு உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த சபையில் எழும்பினார். இடைக்கால உத்தரவு சிறப்புரிமை மீறல், சிறப்புரிமைக் குழு விசாரித்து முடிக்கும்வரை அதன்படி நடக்கக் கூடாது என்றார். சபாநாயகரும் விஷயத்தைக் குழுவுக்கு அனுப்பினார். 2001இல் சபாநாயகர் அநுர பண்டாரநாயக்க, பிரதம நீதியரசருக்கு எதிரான குற்றப் பிரேரணையைத் தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்ததும் இந்த வழியில்தான். ஆகவே கணக்கன் ஐயா சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது.

வடமராட்சியான்:
தம்பி, திறைசேரிச் செயலாளர் பாராளுமன்ற உறுப்பினரா? அவருக்கு என்ன சிறப்புரிமை? நீதிமன்றம் உத்தரவு போட்டது ஒரு அதிகாரிக்கு. சபை தன் அதிகாரத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, சபை நிறைவேற்றிய சட்டத்தை நடத்தாத அதிகாரியைக் காப்பாற்றியது. 150ஆம் உறுப்புரைப்படி காசை எடுக்க நிதி அமைச்சரின் கையொப்பம் வேண்டும். அப்போது நிதி அமைச்சர் யார்? ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்கவேதான். தேர்தல் நடந்தால் தோற்கப் போகிறவரிடமே சாவி இருந்தது.

கணக்கன்:
ரணில் மேல் உங்களுக்கு உள்ள கோபம் இன்றைக்கு நேற்றையதல்ல. 2015இல் அவரைத் தூக்கிப் பிடித்து எழுதியதும் நீங்கள்தான், பழைய இழைகள் அப்படியே இருக்கின்றன. நான் ஆளைப் பற்றிப் பேசவில்லை. திறைசேரி நடைமுறை தெரியாதவர்கள் திறைசேரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்கிறேன். கட்டுநிதி என்றால் என்ன என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

மட்டுநகர்:
2018 நவம்பர் 29 ஞாபகம் இருக்கிறதா? மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக்கியபோது, பிரதமர் அலுவலகச் செலவை நிறுத்தச் சொல்லி 123 பேர் வாக்களித்தார்கள். அன்றைக்கு எல்லோரும் "நிதி அதிகாரம் சபைக்கே" என்று கைதட்டினீர்கள். இன்றைக்கு அது கசக்கிறதா?

வடமராட்சியான்:
நன்றி. எனக்குத் தேவையானதை நீங்களே எடுத்துத் தந்துவிட்டீர்கள். அன்றைக்குச் சபை கூடி, பிரேரணை கொண்டுவந்து, வாக்களித்துச் செலவை நிறுத்தியது. அதுதான் பாராளுமன்றக் கட்டுப்பாடு. 2023இல் அந்த 1,000 கோடியை வெட்ட ஒரு பிரேரணை வந்ததா? வரவில்லை. டிசம்பர் 8ஆம் திகதி போட்ட வாக்கு அப்படியே இருந்தது. திறைசேரி தன் பாட்டில் நிறுத்தியது. கணக்கன், ஆம் இல்லை என்று சொல்லுங்கள்: வெட்டினார்களா?

கணக்கன்:
வெட்டத் தேவையில்லை. உச்சவரம்புக்குக் கீழே செலவழிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஒவ்வொரு வருடமும் எத்தனை திணைக்களம் ஒதுக்கீட்டைச் செலவழிக்காமல் திருப்பி விடுகிறது! அதற்கெல்லாம் நீதிமன்றம் போவீர்களா?

வடமராட்சியான்:
வீதிக்குத் தார் போடாமல் விடுவதும் வாக்குரிமையை நிறுத்துவதும் ஒன்றா? வெட்டினார்களா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லூர்வாசி:
80,000க்கும் மேற்பட்டவர்கள் வேட்புமனு கொடுத்திருந்தார்கள். என் தங்கை அதில் ஒருத்தி. அரச வேலையில் இருந்தபடியால் சம்பளமில்லாத விடுமுறையில் போக வேண்டியிருந்தது. தேர்தலும் இல்லை, பழைய இடத்துக்கு உடனே திரும்பவும் முடியவில்லை. கட்டுநிதி, உச்சவரம்பு என்று பேசுகிறவர்கள் அதையும் கொஞ்சம் யோசியுங்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தபோது அந்த மனுக்கள் எல்லாம் ரத்தாகி, முதலில் இருந்து தொடங்கினார்கள்.

மட்டுநகர்:
அக்கா, மன்னிக்க வேண்டும். ஆனால் உள்ளூராட்சித் தேர்தலுக்கு இவ்வளவு துடிக்கிற கொழும்புக் கட்சிகள், மாகாண சபைத் தேர்தலுக்கு எங்கே போனார்கள்? வட மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் நடந்ததுதான் கடைசித் தேர்தல். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. நமக்கு வேண்டிய தேர்தல் என்றால் யாரும் நீதிமன்றப் படி ஏற மாட்டார்கள்.

வடமராட்சியான்:
அது சட்டத்தைத் திருத்தப்போய் எல்லை நிர்ணயத்தில் சிக்கிய கதை. இங்கே இழுத்துக் குழப்பாதீர்கள்.

மட்டுநகர்:
உங்களுக்குக் குழப்பம், எங்களுக்கு வாழ்க்கை. கிழக்கில் இருந்து யாராவது பேசினாலே "இழுக்கிறான்" என்பீர்கள். போன மாதமும் அதே கதைதான்.

சட்டக்கல்லூரிப் பெடியன்:
திரும்பவும் சட்டத்துக்கு வரலாமா? இந்தத் தேர்தல் வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதித் தீர்ப்பு, நிதி அமைச்சர் என்ற முறையில் ஜனாதிபதியை மட்டும் குற்றம் சொல்லவில்லை. தேர்தல்கள் ஆணைக்குழுவும் அடிப்படை உரிமையை மீறியது என்றது. வடமராட்சியான் அண்ணை அதை ஏன் சொல்லவில்லை?

வடமராட்சியான்:
ஆணைக்குழு முதுகெலும்பில்லாமல் நின்றது உண்மைதான். அதனால் திறைசேரி செய்தது சரியாகிவிடுமா? அந்தத் தீர்ப்பே நான் சொன்னதுதான். பாதீட்டில் காசு ஒதுக்கியிருக்கும்போது காசில்லை என்ற காரணத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

கணக்கன்:
நீதிமன்றம் சொன்னால் கணக்கு மாறிவிடாது. 2012இல் திவிநெகும என்ற வறுமை ஒழிப்புச் சட்டமூலத்தில் நீதிமன்றம் பாராளுமன்றத்தோடு மோதியது. பிறகு என்ன நடந்தது? 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை 155 வாக்குகளால் அகற்றினார்கள். இப்படி மோதுவது நீதித்துறைக்கே நல்லதல்ல.

வடமராட்சியான்:
அந்த அநியாயத்தை எச்சரிக்கையாகக் காட்டுகிறீர்களா? திவிநெகும மாகாண சபைகளின் அதிகாரத்தில் கை வைத்தது என்று நீதிமன்றம் சொன்னதற்குத்தான் அந்த அம்மாவைப் பழிவாங்கினார்கள். மட்டுநகர், மாகாண சபைக்காகத் துடிக்கிறீர்களே, இதையும் கவனியுங்கள். உங்கள் பக்கம் நிற்கிற கணக்கன் யார் பக்கம் நிற்கிறார் என்று.

மட்டுநகர்:
நான் யார் பக்கமும் இல்லை. என் வாயில் வார்த்தை போட வேண்டாம்.

கணக்கன்:
நானும் அந்த அகற்றலைச் சரி என்று எழுதவில்லை. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கட்டும். 150ஆம் உறுப்புரையில் "எடுக்கலாம்" என்பதற்கு வழி இருக்கிறது, "எடுத்தே ஆக வேண்டும்" என்று எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

வடமராட்சியான்:
வெட்டினார்களா? மூன்றாவது தடவை கேட்கிறேன்.

கணக்கன்:
நான் முதலில் கேட்டேன். காட்டுங்கள்.