மாதவரம் லாரி குரூப்: பேட்டரி டெர்மினல்

குமார் 6:42
(ஃபோட்டோ)
செல்ஃப் அடிச்சா டிக் டிக்னு மட்டும் சத்தம் வருது. பேட்டரி ரெண்டும் 12.6 காட்டுது. பிளஸ்ல பச்சையா பூத்திருக்கு, கேபிள் வாய்கிட்ட கம்பி பிஞ்சி தொங்குது. டெர்மினல் மட்டும் மாத்தினா போதுமா தாஸ்ணா?

தாஸ் எலக்ட்ரீசியன் 6:50
அளந்து பாத்துட்டு அப்புறம் அறு. மீட்டரை டிசி வோல்ட்ல வை. ஒரு முனை பேட்டரி போஸ்ட் மேல, இன்னொரு முனை கேபிள் லக்கு (கேபிள் முனைல மாட்டற ஓட்டை போட்ட உலோகத் துண்டு) மேல. கிளீனரை செல்ஃப் அடிக்கச் சொல்லு. 0.1, 0.2 வோல்ட்டுக்குள்ள நின்னா அந்த ஜாயிண்ட் நல்லாருக்கு. நடுவுல ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய 24ஆ ஜோடிக்கிற கேபிளையும் பாரு. கடைசியா மைனஸ் போஸ்ட்ல இருந்து இன்ஜின் பாடிக்கு.

குமார் 7:15
பிளஸ் 1.8. நடு 0.1. மைனஸ் டு இன்ஜின் 3.1 ண்ணா

தாஸ் எலக்ட்ரீசியன் 7:18
பாத்தியா. கண்ணுக்குத் தெரிஞ்சது பிளஸ், ஆனா பெரிய திருட்டு எர்த்துல, அதான் மைனஸ் கேபிள் வண்டி பாடியோட சேர்ற பக்கம். செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சிக்கோ, 3 வோல்ட் அங்கயே நின்னா 900 வாட். அயர்ன் பாக்ஸ் சூடு ஒரு போல்ட்டுல. பிளஸ்ஸ மட்டும் மாத்தியிருந்தா நாளைக்கும் டிக் டிக் தான்.

பாஷா பாய் 7:21
நம்ம பக்கம் எண்ணூர் உப்புக்காத்து வேற. சேசிஸ் எர்த் லக்கை ஒருத்தரும் குனிஞ்சி பாக்கறதில்ல

குமார் 7:24
சரி, கழட்டிடட்டா?

தாஸ் எலக்ட்ரீசியன் 7:29
இரு இரு. பிஎஸ் 6 வண்டி. சாவி ஆஃப் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் விடு. புகைய சுத்தம் பண்ற யூரியாவோட பம்ப், லைன்ல இருக்கறத உறிஞ்சி டேங்குக்கு அனுப்பும். நடுவுல பவர கட் பண்ணா லைன்லயே தங்கி உப்பா உறைஞ்சிடும், அது தனிச் செலவு.

மோதிரம், காப்பு கழட்டு. முதல்ல சேசிஸுக்குப் போற மைனஸ், அடுத்து நடு கேபிள், கடைசியா பிளஸ். மைனஸ் இருக்கும்போதே பிளஸ்ஸ கழட்டினா, ஸ்பேனர் பாடில பட்டு பத்திக்கும். டெர்மினல் வரலேன்னா சுத்தியலால தட்டாதே. போஸ்ட் அடியில சீல் விட்டு ஆசிட் கசியும், அப்புறம் தினம் பூக்கும். நட்டை லூஸ் பண்ணி வாயை ஸ்க்ரூடிரைவரால லேசா விரிச்சி எடு, இல்லேன்னா இழுத்து எடுக்கற புல்லர் வச்சி எடு.

ரவி ஸ்பேர்ஸ் 7:40
லக்கு என்ன சைஸ் எடுத்து வைக்கட்டும்?

தாஸ் எலக்ட்ரீசியன் 7:44
கேபிள் மேல பிரிண்ட் இருக்கும், அதைப் படிச்சி சொல்லு குமாரு. 70 ஸ்கொயர் எம்எம்னா 70 லக்கு, 10 எம்எம் ஓட்டை, சேசிஸ் போல்ட்டையும் அளந்துக்கோ. டெர்மினல் பிளஸ் ஒண்ணு, மைனஸ் ஒண்ணு தனித்தனியா வாங்கு. பிளஸ் போஸ்ட் அடியில 19.5 எம்எம், மைனஸ் 17.9. பிளஸ் டெர்மினல மைனஸ்ல போட்டா ஆடும். நம்ம ஆளுங்க உடனே தகரம் வெட்டி சொருகுவாங்க.

குமார் 7:52
70 தான். கேபிள அறுத்தா உள்ள கம்பி கருப்பா இருக்கு

தாஸ் எலக்ட்ரீசியன் 7:55
ஆசிட் ஏறியிருக்கு. செம்பு பளபளன்னு வர்ற வரைக்கும் அறு. ஒரு அடி அறுத்தும் கருப்புன்னா முழு கேபிளே மாத்து. நீளம் பத்தலேன்னு நடுவுல ஜாயிண்ட் போடாத. புதுசு வாங்கும்போது ஒரு கம்பிய பிளேடால சுரண்டிப் பாரு. உள்ள வெள்ளையா தெரிஞ்சா செம்பு பூசின அலுமினியம், வேண்டாம்.

பாஷா பாய் 8:02
லக்குல ஈயம் ஊத்திட்டா கெட்டியா இருக்குமே தாஸு?

தாஸ் எலக்ட்ரீசியன் 8:06
கெட்டியா இருக்கறதுதான் பாய் தொல்லை. ஈயம் கம்பிக்குள்ள ஏறி, எங்க நிக்குதோ அந்த இடத்துல கேபிள் விறைச்சிடும். லாரி அதிர்வுல அங்கயே ஒவ்வொரு இழையா ஒடியும். ஜாயிண்ட் சூடானா ஈயம் இளகவும் செய்யும். ஹைட்ராலிக் கிரிம்பிங்தான் சரி, அதாவது மிஷின்ல லக்கை கேபிளோட அழுத்திப் பிடிக்க வைக்கறது. அம்பத்தூர் எஸ்டேட்ல பேனல் போர்டு பண்ற எடத்துல மிஷின் இருக்கும், 70 லக்குக்கான டை (அச்சு) போடச் சொல்லு, ரெண்டு எடத்துல அழுத்தணும். உளியும் சுத்தியலும் வச்சி நசுக்கறது கிரிம்பிங் இல்ல.

லக்கு குழி எவ்வளவோ அவ்வளவும் ஒரு 2 எம்எம்மும் சேத்து தோலை உரி. ஒரு இழைகூட வெட்டுப்படக்கூடாது. சூடு காட்டினா சுருங்கற ஹீட் ஸ்லீவை லக்கு போடறதுக்கு முன்னாடி கேபிள்ல மாட்டு. பாதிப் பேரு மறந்துட்டு டேப்பு சுத்துவாங்க. உள்ள பசை உள்ள ஸ்லீவா இருந்தா ஈரம் ஏறாது.

குமார் 12:10
கிரிம்பிங் ஆச்சு. போஸ்ட்ட எதால கழுவறது?

தாஸ் எலக்ட்ரீசியன் 12:14
ஒரு டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா. செல் மூடிங்கள டைட் பண்ணிட்டு ஊத்து, உள்ள போனா ஆசிட் வீணாகும். நுரை அடங்கினதும் நல்ல தண்ணி, துணி, வயர் பிரஷ். சேசிஸ்ல பெயிண்ட சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கு, ஸ்டார் வாஷர் போடு. மாட்டறது திருப்பி வரிசை: பிளஸ், நடு, கடைசியா மைனஸ். வாசலின் டைட் பண்ணின பிறகு மேலாப்புல தடவு.

பாஷா பாய் 12:20
குமாரு, ஃபோட்டோல நடு கேபிள்ல ஒரு சின்ன ஒயர் இருக்கே?

குமார் 12:22
கேபின் ஃபேனுக்கு 12 வோல்ட் எடுத்திருக்கேன் பாய்

தாஸ் எலக்ட்ரீசியன் 12:26
அத மொதல்ல புடுங்கு. ஃபேன் ஒரு பேட்டரிய மட்டும் தின்னுது. ஆல்டர்னேட்டர் ரெண்டையும் ஒண்ணா 28 வோல்ட்டுல சார்ஜ் பண்ணும்போது, நெறைஞ்சது கொதிக்கும், காலியானது காலியாவே கிடக்கும். 24 டு 12 கன்வர்ட்டர் ஒண்ணு போடு. ஜிபிஎஸ் ஒயரையும் டெர்மினல் வாய்ல சொருகாம, ஃப்யூஸோட தனி லக்குல எடு.

குமார் 3:48
பிளஸ் 0.08, எர்த் 0.15. ஒரே அடில ஸ்டார்ட் 👍 ஓடும்போது 28.1

தாஸ் எலக்ட்ரீசியன் 3:51
சரியா இருக்கு. ஈய டெர்மினல் புதுசுல கொஞ்சம் அமுங்கும், நாளைக்கு ஒரு லோடு ஓட்டிட்டு நட்டை இன்னொரு தடவ பாத்துக்கோ. அதுக்காக ஏறி மிதிச்சி முறுக்காத.

ரவி ஸ்பேர்ஸ் 3:58
கன்வர்ட்டர் எத்தனை ஆம்பியர் வேணும்?

குமார் 3:59
ஃபேனும் சார்ஜரும் மட்டும்தான், 10 போதும்