கவுண்டி பட்ஜெட் கூட்டத்துக்குப் போய் ஏதாவது பலன் உண்டா? (கென்யா)

ஹார்டுவேர்_கடை எழுதியது:

நைரோபியை ஒட்டிய ஒரு கவுண்டியில் (மாவட்டம் மாதிரி, ஆனால் தனக்கென்று கவர்னரும் சட்டமன்றமும் உண்டு) ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், குடியுரிமையும் இங்கேதான். போன மாதம் பட்ஜெட்டுக்கு மக்கள் கருத்து கேட்கிறார்கள் என்று செவ்வாய்க்கிழமை பேப்பரில் விளம்பரம் வந்தது, வியாழக்கிழமை காலையிலேயே கூட்டம். கடையைப் பையனிடம் விட்டுவிட்டுப் போனேன். வாசலில் கையெழுத்துப் போட ஒரு நோட்டு, உள்ளே நாலு பக்கச் சுருக்கம், அதிகாரிகள் பேசிப் பேசி மதியமாகிவிட்டது, கடைசியில்தான் மைக் எங்கள் பக்கம் வந்தது. பிசினஸ் பர்மிட் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டால் "அது இந்தக் கூட்டத்தில் வராது" என்றார்கள்.

இப்போது ஜூன் கடைசி. வார்டு நிதி (தங்கள் வார்டில் தாங்களே செலவு செய்யக் கேட்கும் பணம்) விஷயத்தில் கவர்னருக்கும் கவுண்டி சட்டமன்ற உறுப்பினர்களான எம்சிஏ-க்களுக்கும் சண்டை, பட்ஜெட் இன்னும் நிறைவேறவில்லை. என்னிடம் பைப்பும் சிமெண்டும் வாங்கிய கான்ட்ராக்டர் "கவுண்டி கொடுத்தால்தான் நான் கொடுப்பேன்" என்கிறார். பட்ஜெட் நின்றால் எல்லாமே நின்றுவிடுமா? அந்தக் கூட்டத்தில் நாம் சொல்வது எங்காவது போய்ச் சேருகிறதா, இல்லை நோட்டில் கையெழுத்து வாங்கத்தான் கூப்பிடுகிறார்களா?

நகுரு_கணக்கர்:

முதலில் பர்மிட் விஷயம். அதிகாரி சொன்னது எரிச்சலாக இருந்தாலும் சரிதான். பட்ஜெட்டில் வருவது செலவு. கட்டணம், வரி எல்லாம் கவுண்டி ஃபைனான்ஸ் பில் என்று தனியாக வரும். பட்ஜெட் செலவுக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறி 90 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும் என்று 2012 பொது நிதி மேலாண்மைச் சட்டம் சொல்கிறது, ஆகவே பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். கடைக்காரர்கள் போக வேண்டிய கூட்டம் அதுதான், ஆனால் அதற்குத்தான் யாரும் போவதில்லை.

செலவில் உங்கள் பேச்சு எடுபட வேண்டுமென்றால் மே மாதக் கூட்டம் ரொம்பத் தாமதம். ஆண்டு வளர்ச்சித் திட்டம் செப்டம்பர் 1-க்குள் சட்டமன்றத்துக்குப் போய்விடும், எந்த ரோடு எந்த டிஸ்பென்சரி என்பது அதில் இருக்கும். பிப்ரவரி 28-க்குள் நிதி உத்திக் கொள்கை அறிக்கை, எந்தத் துறைக்கு எவ்வளவு உச்சவரம்பு என்பது அதில். ஏப்ரல் 30-க்கு மதிப்பீடுகள் வரும்போது பெட்டி கட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு இடத்தில் கூட்டினால் இன்னொரு இடத்தில் குறைக்க வேண்டும், அதிலும் 2015 விதிகளின்படி ஒரு துறையின் உச்சவரம்பில் 1 சதவீதத்துக்கு மேல் சட்டமன்றமே நகர்த்த முடியாது. எம்சிஏ-வாலேயே முடியாததை நீங்கள் மைக்கில் கேட்டு என்ன ஆகப்போகிறது?

பட்ஜெட் நின்றால் எல்லாம் நிற்காது. சட்டமன்றம் தீர்மானம் போட்டால் மதிப்பீட்டில் பாதி வரை எடுத்துச் செலவு செய்யலாம், ஒவ்வொரு முறையும் கன்ட்ரோலர் ஆஃப் பட்ஜெட் (அரசுப் பணத்தை எடுக்க அனுமதி தரும் தேசிய அதிகாரி) கையெழுத்து வேண்டும். சம்பளமும் மருந்தும் ஓடிவிடும். உங்கள் கான்ட்ராக்டர் பில் ஓடாது, அதுதான் சோகம். எல்லாக் கவுண்டிகளின் பெண்டிங் பில்லும் சேர்ந்து 15,000 கோடி ஷில்லிங்கைத் தாண்டிப் பல நாளாகிறது. அவர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் அதற்காக அடுத்த லோடையும் கடனில் கொடுக்காதீர்கள்.

கிசுமு_ரவி:

எல்லாம் சட்டப் புத்தகத்தில் அழகாக இருக்கிறது சார். நடைமுறையில் பாதிப் பேர் பஸ் காசுக்கும் சோடாவுக்கும்தான் வருகிறார்கள், எம்சிஏ தன் ஆட்களை முன்வரிசையில் உட்கார வைத்து தனக்கு வேண்டிய ரோட்டை அவர்கள் வாயால் கேட்க வைக்கிறார், மறுநாள் "மக்கள் கேட்டார்கள்" என்று அறிக்கை.

ஆனாலும் எம்சிஏ-வை மட்டும் திட்ட மாட்டேன். சாவு வீட்டுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் ஜனம் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது, கவர்னரைத் தேடி யாரும் போவதில்லை. நாடாளுமன்ற எம்.பி.க்கு சிடிஎஃப் (தொகுதி வளர்ச்சி நிதி) இருக்கிறது, எனக்கு ஏன் வார்டு நிதி இல்லை என்று அவர் கேட்பது இயல்புதான். சிக்கல் என்னவென்றால், கண்காணிக்க வேண்டியவரே செலவும் செய்தால் கணக்கு யார் கேட்பது? 2013 சிடிஎஃப் சட்டம் செல்லாது என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலும் இந்த அதிகாரப் பிரிவினைதான் முக்கியமான விஷயம். அப்புறமும் ஒவ்வொரு ஜூனிலும் இதே சண்டை. மேலே, தேசிய அரசில் மட்டும் ஒழுங்கா? 2024-25-க்கு கவுண்டிகளுக்கு 40,000 கோடி என்றார்கள், 2024 ஜூன் வரி எதிர்ப்புப் போராட்டத்தில் நிதி மசோதாவை வாபஸ் வாங்கியதும் அதை 38,000 கோடியாகக் குறைக்கப் பார்த்தார்கள், நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளான செனட்டும் தேசிய சட்டமன்றமும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு 38,742 கோடியில் வந்து நின்றார்கள். கடைசியில் மாட்டிக்கொள்வது உங்கள் பைப் பில்.

மச்சாகோஸ்_மீனா:

ரவி அண்ணா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் பக்கத்துக் கவுண்டியான மக்குவேனியைப் பார்த்துவிட்டு முழுசாக நம்பிக்கை இழக்க என்னால் முடியவில்லை. 2014-இல் அங்கே பட்ஜெட் சண்டை எங்கே போய் நின்றது தெரியுமா? கவர்னர் கிவுதா கிப்வானா ஒரு பக்கம், எம்சிஏ-க்கள் ஒரு பக்கம், சட்டமன்றம் தனக்கு ஒதுக்கிக்கொண்ட பணத்தில் தொடங்கி செப்டம்பரில் வோட்டே ஊரில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. இந்தக் கவுண்டி அரசே வேண்டாம், கலைத்துவிடுங்கள் என்று மக்கள் மனுவே கொடுத்தார்கள், விசாரணைக் கமிஷனும் அதைத்தான் பரிந்துரைத்தது, 2015-இல் ஜனாதிபதி உஹுரு கென்யாட்டா ஒத்துக்கொள்ளவில்லை.

இன்று கென்யாவில் மக்கள் பங்கேற்பு என்றால் எல்லோரும் உதாரணம் காட்டுவது அதே மக்குவேனியைத்தான். கிராமத்தில் தொடங்கி, சில கிராமங்கள் சேர்ந்த தொகுதி, வார்டு, சப் கவுண்டி என்று மேலே போகப் போக ஒவ்வொரு படியிலும் மக்கள் தங்கள் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். திட்டம் வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்ளவும் ஊர்க்காரர்களே ஒரு கமிட்டி போடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கமிட்டிதான். கூட்டத்தில் கேட்பது சுலபம், கான்ட்ராக்டர் போட்ட கலவையில் சிமெண்ட் எவ்வளவு என்று ஆறு மாதம் கழித்தும் போய்ப் பார்ப்பவர் இருந்தால்தான் ரோடு நிற்கும். அங்கேயும் குறை இருக்கிறது, எல்லாக் கிராமமும் கேட்டது கிடைக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

ஹார்டுவேர்_கடை:

நன்றி. இரண்டு நாள் முன்னால் விளம்பரம் போட்டுக் கூட்டம் வைத்தது செல்லுமா? அதைக் கேட்க வழி உண்டா?

நகுரு_கணக்கர்:

கேட்ட வழக்கு இருக்கிறது. கியாம்பு கவுண்டியின் 2013 ஃபைனான்ஸ் சட்டத்தை 2014-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒடுங்கா ரத்து செய்தார். பேப்பரில் ஒரு விளம்பரம் போட்டால் போதாது, சர்ச், மசூதி, கோயில், பராசா (ஊர்ப் பொதுக்கூட்டம்), உள்ளூர் மொழி ரேடியோ என்று முடிந்த வழியிலெல்லாம் மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பு. 2017-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. அதற்காக ஒவ்வொரு வழக்கும் ஜெயிக்கும் என்று நினைக்காதீர்கள், தேசிய அரசின் 2023 ஃபைனான்ஸ் சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

கோர்ட் வரை போகாமல் ஒன்று செய்யலாம். மைக்கில் சொல்வதை எழுத்தில் சட்டமன்ற கிளர்க்கிடம் கொடுங்கள், உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் போடாமல் உங்கள் தெருக் கடைக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து போடுங்கள். பட்ஜெட் மற்றும் பொருளாதார மன்றம் என்று ஒவ்வொரு கவுண்டியிலும் இருக்க வேண்டும், கவர்னர்தான் தலைவர், அதில் வியாபாரிகளுக்கும் பிரதிநிதி உண்டு. உங்கள் பக்கம் அது யார் என்று கேட்டுப் பாருங்கள், பல இடத்தில் அந்த ஆளுக்கே தான் உறுப்பினர் என்பது மறந்திருக்கும்.

ஹார்டுவேர்_கடை:

பத்துப் பேர் சேர்வார்கள், பர்மிட் என்றால் இருபது பேர்கூட வருவார்கள். ஃபைனான்ஸ் பில் வந்ததும் வாசகத்தை இங்கே போடுகிறேன், ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள் சார்.